மார்மன்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லலாமா?

கேள்வி இதுதான்: மார்மன் சபையார் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். மற்ற சபைகளைச் சேர்ந்த பலர் இல்லவே இல்லை என்கிறார்கள். யார் சொல்வதை ஏற்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நைசியா விசுவாசப் பிரமாணத்தை (நான்காம் நூற்றாண்டில் சபைச் சங்கங்கள் எழுதிய நம்பிக்கை அறிக்கையை) அறிக்கையிடும் சபைகளின் விசுவாசம் அவர்களுடையது அல்ல. அந்தச் சபைகள் மார்மன் ஞானஸ்நானத்தை ஏற்க மறுப்பதும் நியாயமே. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதுபோலத் தோன்றும். அப்படி இல்லை என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த வாக்குவாதம் பெரும்பாலும் நடக்கக் கூடாத இடத்தில் நடக்கிறது. மார்மன் புஸ்தகம் பொறிக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் தங்கத் தகடுகளைப் பற்றியும் பலதார மணத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கடவுள் யார் என்ற கேள்விக்கு மட்டும் யாரும் வருவதில்லை.

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம். மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படுவோர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 'மார்மன்' என்ற பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரையே சொல்லும்படி 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். கேள்வி அந்தப் பெயரில் இருப்பதாலும், பலருக்கும் தெரிந்த பெயர் அதுவே என்பதாலும் இங்கே அதைப் பயன்படுத்துகிறேன். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிறகு குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது எழுப்புதல் கூட்டங்கள் ஓயாமல் நடந்தன. மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் என்று ஒவ்வொரு சபையாரும் ஆள் சேர்த்தார்கள். எந்தச் சபை சரி என்று தெரியாமல் குழம்பிய பதினான்கு வயதுப் பையன் 1820இல் ஒரு தோப்புக்குள் போய் ஜெபித்தான். அங்கே பிதாவும் குமாரனும் இரண்டு தனித்தனி ஆட்களாகத் தனக்குத் தரிசனமானார்கள் என்று ஸ்மித் பின்னாளில் எழுதினார். எந்தச் சபையிலும் சேராதே, அவர்களுடைய விசுவாசப் பிரமாணங்கள் எல்லாம் கடவுளின் பார்வையில் அருவருப்பானவை என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் அதில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன மார்மன் புஸ்தகம் 1830 மார்ச்சில் பால்மைராவில் அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 6இல் சபை அமைக்கப்பட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் துரத்தப்பட்ட கதை. ஒஹாயோ, மிசௌரி, இல்லினாய் என்று ஊர் ஊராக இடம் மாறினார்கள். மார்மன்கள் மாநிலத்தை விட்டு விரட்டப்பட வேண்டும், இல்லையேல் ஒழிக்கப்பட வேண்டும் என்று 1838 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் எழுத்துபூர்வமாக ஆணையிட்டார். 1844 ஜூன் 27இல் இல்லினாயின் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்த ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதன்பின் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே நடந்து 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லை என்று இன்று ஒருவர் சொல்லும்போது ஒரு மார்மன் ஏன் அவ்வளவு புண்படுகிறார் என்பது இந்த வரலாறு தெரிந்தால்தான் புரியும். அந்தச் சொல்லோடு ஒருகாலத்தில் துப்பாக்கியும் சேர்ந்தே வந்தது.

அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒரு ஞாயிறு ஆராதனையைக் கிட்டப் போய்ப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. பதினாறு, பதினேழு வயது இளைஞர்கள் அப்பத்தைக் கையால் பிட்டுத் தட்டுகளில் வைக்கிறார்கள். ஒருவர் முழங்காலிட்டு ஜெபத்தை வாசிக்கிறார். நித்திய பிதாவே என்று தொடங்கும் அந்த ஜெபம், உம்முடைய குமாரனின் சரீரத்தை நினைவுகூர்ந்து இதைப் புசிக்கிறோம், அவருடைய நாமத்தை எங்கள்மேல் தரித்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம், அவரை எப்போதும் நினைத்து அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்வோம் என்ற பொருளில் போகிறது. ஒரு சொல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதைக் கவனிக்கவே ஆயர் பக்கத்தில் இருக்கிறார். அவர்களைவிடச் சின்னப் பையன்கள் தட்டுகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோகிறார்கள். திராட்சரசத்துக்குப் பதில் சின்னக் கிண்ணங்களில் தண்ணீர். எந்தக் கிறிஸ்தவர் போய் உட்கார்ந்தாலும் இது கர்த்தருடைய பந்தி என்று உடனே தெரிந்துகொள்வார்.

அவர்கள் நம்புவது என்ன? இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தார். கெத்செமனேயிலும் சிலுவையிலும் மனிதரின் பாவங்களுக்காகப் பாடுபட்டார். மூன்றாம் நாள் சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார். மறுபடி வருவார். அவருடைய நாமத்தினாலன்றி இரட்சிப்பு இல்லை. மார்மன் புஸ்தகத்தின் உச்சக் காட்சியே உயிர்த்தெழுந்த இயேசு அமெரிக்கக் கண்டத்து மக்களிடம் வந்து தம் கைகளிலும் கால்களிலும் உள்ள ஆணித் தழும்புகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதுதான். இயேசுவே கிறிஸ்து, நித்திய தேவன் என்று யூதருக்கும் புறஜாதியாருக்கும் உணர்த்துவதே இந்தப் புஸ்தகத்தின் நோக்கம் என்று அதன் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படி நம்பி, இப்படி ஜெபித்து, பிள்ளைகளையும் இப்படியே வளர்க்கும் ஒரு கூட்டத்தைப் பார்த்து 'இவர்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தவர்களே இல்லை' என்று எனக்குச் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஓர் இந்துவோ முஸ்லிமோ சொல்ல மாட்டார்.

சரி, தகராறு எங்கே?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை விரைவாகத் தள்ளிவிடுகிறேன். பலதார மணம்: 1852இல் வெளிப்படையாக அறிவித்தார்கள், 1890இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அதை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். இன்று அதைக் கடைப்பிடிப்பவரைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதை இன்னமும் நடத்துவது பிரிந்துபோன சிறு குழுக்கள். கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது: பெரிய அநியாயம்தான், ஆனால் இன ஒதுக்கலை வைத்து ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்று முடிவுகட்டினால் வேறு பல சபைகளும் அடிபடும். கோயில்களில் நடக்கும் மறைவான சடங்குகள், அவர்கள் புனிதமாகக் கருதி அணியும் உள்ளாடை பற்றிய கேலி: பதில் சொல்லும் தகுதிகூட அதற்கு இல்லை.

பைபிளோடு வேறு நூல்களையும் சேர்த்துக்கொண்டார்களே என்பது கொஞ்சம் கனமான காரணம். பைபிள், மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து என்று நான்கு நூல்கள் அவர்களுக்கு வேதம். வேதத்தின் எல்லை எது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லைதான். புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்னும் அதிகம். ஆனால் அவை எல்லாம் பழங்காலத்து நூல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புதிய தீர்க்கதரிசி வந்து வேதத்தைத் திறந்து எழுதுவது அதைவிடப் பெரிய அடி. ஆனாலும் இதுவும் கடைசித் தீர்ப்பைச் சொல்லும் இடம் இல்லை என்றே நினைக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன், அதற்குச் சாட்சியாக ஒரு சபையே இருக்கிறது.

உண்மையான பிளவு கடவுளைப் பற்றியது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், பாப்டிஸ்ட், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையார் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒரே குரல்: கடவுள் ஒருவரே, அவருக்குத் தொடக்கம் இல்லை, அவரைத் தவிர மற்ற அனைத்தும் அவரால் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே இறைத்தன்மை உடையவர்கள். திரித்துவம் என்பது இதுதான். இதைத்தான் 325இல் நைசியாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோபிளிலும் கூடிய சங்கங்கள் எழுத்தில் வடித்தன. படைத்தவருக்கும் படைக்கப்பட்டவற்றுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. எந்தத் தூதனும் எந்தப் பரிசுத்தவானும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.

மார்மன் போதனையில் அந்தக் கோடே இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனித்தனி நபர்கள். பிதாவுக்கு மனிதனுடையதைப் போலவே தொட்டறியக்கூடிய, சதையும் எலும்புமான உடல் உண்டு என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 130ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மனித ஆவிகள் எல்லாம் பூமிக்கு வருமுன்பே பரலோகத் தகப்பனின் பிள்ளைகளாக இருந்தவை. அங்கே ஒரு பரலோகத் தாயும் உண்டு. இயேசு அந்த ஆவிப் பிள்ளைகளில் மூத்தவர், பழைய ஏற்பாட்டு யெகோவாவும் அவரே. படைப்பு என்பது இல்லாமையிலிருந்து வந்ததல்ல, ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தியது. உண்மையுள்ள மனிதர்கள் நித்திய வளர்ச்சியில் பிதாவைப் போலவே ஆகலாம்.

1844 ஏப்ரல் 7இல், தாம் கொல்லப்படுவதற்கு மூன்று மாதத்துக்கும் குறைவான காலமே இருந்தபோது, இல்லினாயின் நாவூ ஊரில் ஜோசப் ஸ்மித் ஒரு பிரசங்கம் செய்தார். கிணறு வெட்டும்போது இறந்துபோன கிங் ஃபாலட் என்ற நண்பரின் நினைவாகச் செய்தது. கடவுளும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே இருந்தார், இன்று உயர்த்தப்பட்ட மனிதராக வானத்தில் அரியணையில் வீற்றிருக்கிறார் என்று அதில் சொன்னார். அந்தப் பிரசங்கம் மார்மன் வேதத்தில் சேர்க்கப்படவில்லை. இன்றைய தலைவர்கள் அதன் முதல் பாதியைப் பற்றி அதிகம் பேசுவதும் இல்லை. ஆனால் மனிதன் கடவுளைப் போல ஆவது என்ற இரண்டாம் பாதி அவர்கள் நம்பிக்கையின் உயிர்நாடி. கோயில் திருமணம், நித்தியக் குடும்பம் எல்லாம் அதை ஒட்டித்தான் நிற்கின்றன.

இதற்கு மார்மன்கள் சொல்லும் பதில்களை நேர்மையாகக் கேட்க வேண்டும். ஸ்தேவான் கல்லெறியப்படும்போது தேவனுடைய வலதுபாரிசத்தில் இயேசு நிற்பதைக் கண்டாரே, அப்படியானால் இருவர்தானே என்பார்கள். மனிதனைக் கடவுள் தம் சாயலில் உண்டாக்கினார் என்று ஆதியாகமம் சொல்கிறதே என்பார்கள். கடவுள் மனிதரானது மனிதர் கடவுளாகும்படிக்கே என்று நைசியாவின் காவலரான அத்தனாசியஸே எழுதினாரே என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று: பேதுருவுக்கும் பவுலுக்கும் நைசியா பிரமாணம் தெரியாது, நான்காம் நூற்றாண்டில் எழுதிய ஒன்றை வைத்து எங்களை எப்படி வெளியே தள்ளுவீர்கள்?

கடைசிக் கேள்வி உண்மையிலேயே வலுவானது. சும்மா கையை உதறிவிட்டுப் போக முடியாது. நைசியாவின் சொற்கள் அப்போஸ்தலர் காலத்தவை அல்ல என்பதை எந்த வரலாற்றாசிரியரும் ஒப்புக்கொள்வார். ஆனால் நான் மேலே சொன்ன கோடு நைசியாவில் பிறந்ததல்ல. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று தினமும் சொல்லி வளர்ந்த யூதர்கள்தான் பேதுருவும் பவுலும். "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை" என்பது ஏசாயா. கடவுளும் ஒருகாலத்தில் நம்மைப் போல இருந்தார் என்பதை அந்த ஏசாயாவின் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒட்டவே ஒட்டாது. அத்தனாசியஸ் சொன்னதும் வேறு. கீழைச் சபைகள் இன்றுவரை போதிக்கும் இறைமயமாதலில் மனிதன் கடவுளின் வாழ்வில் அருளால் பங்குபெறுகிறான். படைக்கப்பட்டவன் படைக்கப்பட்டவனாகவே இருக்கிறான். மார்மன் போதனையில் கடவுளும் மனிதரும் ஒரே இனம், வளர்ச்சியின் வெவ்வேறு படிகளில் நிற்கிறார்கள்.

இப்போது நான் சொன்ன சாட்சிக்கு வருகிறேன். ஜோசப் ஸ்மித் இறந்ததும் எல்லோரும் பிரிகாம் யங்கின் பின்னால் போகவில்லை. தங்கிவிட்ட ஒரு பகுதியினர் 1860இல் ஸ்மித்தின் மகனான மூன்றாம் ஜோசப் ஸ்மித்தைத் தலைவராக்கித் தனிச் சபையாகச் சேர்ந்தார்கள். இன்று அதன் பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட், தலைமையகம் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரம். அவர்களுக்கும் ஸ்மித் தீர்க்கதரிசி. அவர்களிடமும் மார்மன் புஸ்தகம் உண்டு. ஆனால் நாவூ காலத்துக் கடவுள் போதனையை அவர்கள் ஏற்கவில்லை, திரித்துவத்தை அறிக்கையிடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் தேசிய சபைகள் மன்றம் அவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதே தீர்க்கதரிசி, அதே தங்கத் தகடுகளின் கதை, ஆனாலும் கதவு திறந்தது. தகராறின் வேர் தகடுகளில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மார்மன் புஸ்தகத்தைப் படித்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. 1830இல் வந்த அந்த நூல் கடவுளைப் பற்றிப் பேசும் விதம் சாதாரணப் புராட்டஸ்டன்ட் பேச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. தகடுகளைக் கண்டதாகச் சாட்சி சொல்லும் மூவரின் கூற்று, பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை, அவர் ஒரே தேவன் என்று முடிகிறது. முதல் பதிப்பில் மரியாளைத் தேவனின் தாய் என்று சொன்ன ஓரிடம் 1837 பதிப்பில் தேவகுமாரனின் தாய் என்று திருத்தப்பட்டது. ஜோசப் ஸ்மித்தின் எண்ணம் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதை இந்த ஒரு திருத்தத்திலேயே பார்க்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பதினான்கு ஆண்டுத் தூரத்தைத்தான், 1830லிருந்து 1844 வரை, இருதரப்பினரும் உட்கார்ந்து பேச வேண்டும். அதைப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். வெளியே தள்ளப்பட்டவர்களாக மார்மன்களை மட்டும் காட்டுவது முழு உண்மை ஆகாது. மற்ற எல்லாச் சபைகளும் விசுவாசத்திலிருந்து விழுந்துபோயின, அப்போஸ்தலரின் அதிகாரம் பூமியிலிருந்தே எடுத்துக்கொள்ளப்பட்டது, அது ஜோசப் ஸ்மித் வழியாகத்தான் திரும்பத் தரப்பட்டது என்பதே அவர்களின் அடிப்படை உரிமைகோரல். தங்கள் சபையே பூமியின்மேல் உள்ள ஒரே உண்மையான, ஜீவனுள்ள சபை என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. விசுவாசப் பிரமாணங்கள் அருவருப்பானவை என்ற அந்தப் பழைய வரியும் அவர்களுடைய வேதத்தில்தான் இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கரானாலும் பாப்டிஸ்டானாலும் அவர்களோடு சேர வந்தால் மறுபடி ஞானஸ்நானம் பெற்றே ஆக வேண்டும். உங்கள் விசுவாசம் சீர்கெட்டது, ஆனால் எங்களையும் உங்களில் ஒருவராக எண்ணுங்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது கடினம். தங்கள் தனித்தன்மையைத் தெளிவாக உணர்ந்த மார்மன் அறிஞர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள்: நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் நைசியாவின் வழிவந்தவர்கள் அல்ல. எனக்கு இந்தச் சொற்றொடர்தான் மிகவும் சரியாகப் படுகிறது. பங்காளிச் சண்டைக்கு இருக்கும் சூடு இந்த விவாதத்தில் இருப்பதற்கும் காரணம் உறவு இருப்பதுதான். உறவே இல்லாதவர்கள் இப்படி மோதிக்கொள்வதில்லை.

ஞானஸ்நான விஷயத்துக்கு வருவோம். இங்கே சபைகள் எடுத்த முடிவை வெறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிரிந்துபோனவர்கள் தரும் ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. நைசியா சங்கம் இதில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. நோவேஷியன் என்ற கண்டிப்பான பிரிவினர் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் வேண்டாம் என்றது அதன் 8ஆம் விதி. ஆனால் சமோசாட்டா ஊர் பவுலின் (அப்போஸ்தலர் பவுல் அல்ல, பிற்காலத்தவர்) சீடர்கள் வந்தால் கட்டாயம் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றது 19ஆம் விதி. முதல் கூட்டத்தார் சபை ஒழுங்கில் மாறுபட்டவர்கள், இரண்டாம் கூட்டத்தார் கடவுளையும் கிறிஸ்துவையும் பற்றிய விசுவாசத்திலேயே மாறுபட்டவர்கள். பின்னால் வந்த அகுஸ்தீன், பிரிவினைக்காரர் கொடுத்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே என்று வாதாடியதால், மேற்குச் சபை இவ்விஷயத்தில் தாராளமாகவே நடந்து வந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை இன்று லூத்தரன், ஆங்கிலிகன், பாப்டிஸ்ட் ஞானஸ்நானங்களை மறுபேச்சின்றி ஏற்கிறது.

அவ்வளவு தாராளமான சபை 2001 ஜூன் 5இல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. கையெழுத்திட்டவர் பிற்பாடு பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். அங்கீகரித்தவர் போப் இரண்டாம் ஜான் பால். மார்மன்கள் தண்ணீரில் முழுக்காட்டித்தான் கொடுக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் குறை எங்கே? அந்த மூன்று பெயர்களும் மார்மன் போதனையில் குறிப்பது திரித்துவத்தை அல்ல என்பதே கொடுக்கப்பட்ட விளக்கம். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபையும் 2000ஆம் ஆண்டுப் பொது மாநாட்டில் இதே முடிவுக்கு வந்தது. நைசியாவின் 19ஆம் விதியை வைத்துப் பார்த்தால் இது புதிய கடுமை ஏதும் இல்லை, 1,700 ஆண்டுப் பழைய தர்க்கம்தான்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் இல்லை என்றுதானே ஆகிறது என்று கேட்பீர்கள். இல்லை. இயேசு படைக்கப்பட்டவரே என்ற ஏரியஸின் போதனையை நைசியா கண்டித்தது. அப்படியும் அந்தப் போக்கில் நின்ற கோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரை வரலாறு கிறிஸ்தவர்கள் என்றே எழுதுகிறது. அவர்களுக்குப் பைபிளை மொழிபெயர்த்துக் கொடுத்த உல்ஃபிலாஸை மிஷனரி என்றே சொல்கிறோம். தவறான போதனை என்று ஒரு சபை தீர்ப்பளிப்பதும், அந்தப் போதனையை ஏற்றவர்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று வகைப்படுத்துவதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதைச் சபைகள் செய்யலாம், செய்யவும் வேண்டும். இரண்டாவது சபைகளின் கையில் மட்டும் இல்லை.

மார்மன் வரலாற்றை வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களில் மிகவும் மதிக்கப்படுபவர் ஜேன் ஷிப்ஸ், அவர் மெதடிஸ்ட். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவம் எப்படிப் புதிதாகக் கிளைத்ததோ அப்படியே கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த புதிய மதமரபு இது என்று அவர் வாதாடினார். கூர்மையான பார்வைதான், ஆனால் நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறேன். கிறிஸ்தவர்கள் சீக்கிரமே தங்களை யூதர் என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். மார்மன்கள் எதிர்த் திசையில் போகிறார்கள். 1982இல் மார்மன் புஸ்தகத்துக்கு இயேசு கிறிஸ்துவின் மற்றொரு ஏற்பாடு என்ற துணைத்தலைப்பைச் சேர்த்தார்கள். 1995இல் சபைச் சின்னத்தில் இயேசு கிறிஸ்து என்ற எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள். 2020இல் வெளியிட்ட புதிய சின்னத்தில் இருப்பது கோபன்ஹேகனின் ஒரு லூத்தரன் பேராலயத்துக்காகத் தோர்வால்சன் செதுக்கிய கிறிஸ்து சிலை. போகும் திசை தெளிவாகவே தெரிகிறது. 2011இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக்கணிப்பில் மார்மன்களில் 97 சதவீதம் பேர் தங்கள் மதம் கிறிஸ்தவம் என்றார்கள். அமெரிக்கப் பொதுமக்களில் 51 சதவீதம் பேர்தான் அதை ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கணிப்பு எடுக்கப்பட்ட நேரமும் சாதாரண நேரம் அல்ல. மார்மனான மிட் ராம்னி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம். 2007 டிசம்பரிலேயே டெக்சாஸில் ஓர் உரையில், இயேசு கிறிஸ்து தேவகுமாரன், மனிதகுலத்தின் இரட்சகர் என்று நம்புவதாக அவர் அறிவிக்க வேண்டியிருந்தது. 2011 அக்டோபரில் டல்லஸ் நகரத்து பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் மார்மன் சபையைக் கள்ள உபதேசக் கூட்டம் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஓராண்டு கழித்து ராம்னி புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரகாமைச் சந்தித்த பிறகு, கிரகாமின் அமைப்பு அப்படிப்பட்ட கூட்டங்களின் பட்டியலிலிருந்து மார்மன் பெயரை எடுத்துவிட்டது. இரண்டுமே எனக்கு வருத்தம் தந்தன. தேர்தலுக்காக ஒருவரைப் பழிப்பதும் தவறு, தேர்தலுக்காக இறையியலைத் திருத்துவதும் தவறு. கடவுளைப் பற்றிய பேச்சு ஓட்டுக் கணக்கோடு கூடிக் குறையக் கூடாது.

என் மனதில் உயர்ந்து நிற்பது வேறொரு நிகழ்ச்சி. 2004 நவம்பரில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் மௌ, சால்ட் லேக் சிட்டியில் மார்மன்களின் புகழ்பெற்ற டாபர்னக்கிள் அரங்கில் பேசினார். சுவிசேஷக் கிறிஸ்தவர்களான நாங்கள் உங்கள் நம்பிக்கைகளைத் திரித்துச் சொல்லி உங்களுக்கு எதிராகப் பாவம் செய்திருக்கிறோம் என்று மேடையிலேயே அறிக்கையிட்டார். திரித்துவத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய ஆட்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும் அது சரியான பேச்சு என்றே நான் சொல்வேன். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஒன்று இருக்கிறது. அது மார்மன்களைப் பற்றிப் பேசும்போதும் பொருந்தும். 'இயேசுவும் சாத்தானும் அண்ணன் தம்பி என்று நம்புகிறவர்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது அப்படிப்பட்ட பேச்சுதான். எல்லா ஆவிகளும் பிதாவின் பிள்ளைகள் என்ற அவர்களுடைய போதனையிலிருந்து அது தர்க்கப்படி வரும். ஆனால் எந்த மார்மனும் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒருவரை வணங்குகிறார்கள், மற்றவரை எதிர்க்கிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் மக்கள் உண்மையில் கேட்க வருவது அதுதான். கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இளம் ஊழியர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர்கள் கிறிஸ்துவை நம்புகிறோம் என்பதைச் சந்தேகிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிறகு பிதாவுக்கு உடல் உண்டா, அவர் எப்போதுமே கடவுளாக இருந்தாரா என்று கேளுங்கள். அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். அவர்களோடு சேர்ந்து பசித்தவருக்குச் சோறு போடவோ, பேரிடரில் உதவவோ எந்தத் தடையும் இல்லை. ஒரு மார்மன் கத்தோலிக்கராக விரும்பினால் அவரை ஞானஸ்நானமே பெறாதவராக எண்ணி முழுத் தயாரிப்போடு சேர்ப்பார்கள். கத்தோலிக்கர் ஒருவர் மார்மனைத் திருமணம் செய்ய விரும்பினால், ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கு வேண்டிய அதே விதிவிலக்கை ஆயரிடம் பெற வேண்டும். ஒரு லூத்தரன் பெண்ணை மணப்பதானால் அந்த விதிவிலக்கு தேவையில்லை, கலப்புத் திருமணத்துக்கான அனுமதி போதும். மறுபக்கமும் இதே கண்டிப்புதான்: ஒரு கத்தோலிக்க ஆயரே மார்மன் சபையில் சேர வந்தாலும் அவரையும் தண்ணீருக்குள் இறக்கித்தான் சேர்ப்பார்கள்.